சும்மா கிடக்கும் தொட்டியில் ஒரு சிறு கடல்

நம் கடைகளில் பலவற்றில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி ஏதாவது ஒரு மூலையில் கிடப்பதைப் பார்க்கலாம். கடை திறப்பு விழாவுக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்ததாக இருக்கும். அல்லது வாஸ்து பார்த்தவர் சொன்னார் என்று ஆசையோடு வாங்கி வைத்ததாக இருக்கும். தங்க மீன்கள் சில மாதம் இருந்திருக்கும்; பிறகு ஒவ்வொன்றாகப் போயிருக்கும். இப்போது தொட்டிக்குள் பழைய பில் புத்தகமும் சணல் கயிறும்தான் இருக்கும். அந்தத் தொட்டியைக் கடல் மீன் தொட்டியாக மாற்ற முடியுமா, முடிந்தால் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்குமா என்று நண்பர்கள் சிலர் கேட்டதன் பேரில் இந்தக் கட்டுரை.

முடியும். கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவருக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும். ஆனால் கடல் மீன் என்றாலே விலை உயர்ந்த கருவிகள் வேண்டும் என்று ஒரு சாரார் பயப்படுகிறார்கள். கடையில்தான் உப்பு மூட்டை இருக்கிறதே, இரண்டு படி அள்ளிக் கரைத்தால் போயிற்று என்று இன்னொரு சாரார் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. தண்ணீர் அதிகம், மீன் குறைவு, உப்புக் கணக்கு சரி என்ற நிலையில் வைத்துவிட்டால் தொட்டி தன் போக்கில் ஓடும். இதில் ஒன்று தவறினாலும் எவ்வளவு பணம் கொட்டினாலும் நிற்காது.

தொட்டியைப் பார்த்து எடுத்தல்

இரண்டடிக்குக் குறைந்த தொட்டியை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். சிறிய தொட்டி என்றால் சிறிய வேலை என்று தோன்றும். கடல் நீரில் அது தலைகீழ். குறைந்த முதலில் நடக்கும் கடை ஒரு வாராக் கடனில் ஆட்டம் கண்டுவிடுவதுபோல, 40 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்து அழுகினால் மற்றவையும் போய்விடும். 150 லிட்டரில் அதே அழுகல் தாங்கும். மறுநாள் பார்த்து எடுத்துவிடலாம்.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 6.75 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் 191 லிட்டர். மேலே மூன்று விரல் இடம் விட்டு, அடியில் மணலும் கல்லும் போட்டால் தண்ணீர் 150 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியோடு சேர்த்து எடை இரண்டு குவிண்டாலைத் தாண்டும். சுவரில் அடித்த பலகை அலமாரி இதைத் தாங்காது. இரும்புச் சட்டத்தில் வைப்பதானால் நல்ல பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை விட்டு வைக்காது.

நாள்பட்டுக் கிடந்த தொட்டியில் ஒட்டுப் பசை காய்ந்து விட்டுப்போயிருக்கலாம். சமதளத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, சாதாரணத் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் விடவேண்டும். தாள் நனைந்திருந்தால் ஒழுகல் எங்கே என்று தெரிந்துவிடும். மறுபடி பசை பூசுவதானால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் பெரும்பாலும் மருந்து இருக்கும். முன்பு மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றிய தொட்டியானால் இறால், நண்டு, நத்தை வகைகளை அதில் விடாதிருப்பது நல்லது. மூடியிலோ உள்ளேயோ இரும்பு, பித்தளை எதுவும் தண்ணீரைத் தொடக் கூடாது.

நாம் விற்கும் உப்பும் கடலின் உப்பும்

உப்பு நம் சரக்கு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அந்த உப்பில் நாம் சாப்பாட்டு உப்பு என்கிற சோடியம் குளோரைடுக்கு உரிய பங்கு 100க்கு 85 அல்லது 86 தான். மீதியில் மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் முதலியவை இருக்கின்றன. ஒரு கிலோ கடல் நீரில் மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். அளவு சிறிதாகத் தெரிந்தாலும் கடல் உயிர்களின் உடம்பு இவற்றை எதிர்பார்த்தே அமைந்திருக்கிறது.

நம் மூட்டை உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கடல் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட விடுகிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்து பின்தங்கிவிடுகின்றன. அதன்பின் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் நிறைந்திருக்கும், அதை வடித்துவிடுகிறார்கள். ஆக, கடலில் இருந்த பல சத்துகள் உப்பளத்திலேயே நின்றுவிடுகின்றன. சாப்பாட்டுக்கு அதுதான் நல்லது. மெக்னீசியம் தங்கினால் உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும், மூட்டை கசியும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் மீன் தொட்டிக்கு அந்த உப்பு அரைக் கடல்கூட ஆகாது. பொடி உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் வேறு உண்டு.

எனவே மீன் கடைகளில் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்க வேண்டும். 150 லிட்டருக்கு 35 கிராம் வீதம் 5 கிலோ 250 கிராம். கரைக்கும் தண்ணீர் முக்கியம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் ஊருக்கு ஊர் கடினத் தன்மை மாறும். நாம் விற்கிற சுத்திகரித்த 20 லிட்டர் கேன் தண்ணீரே இதற்குப் பொருத்தம். தனி வாளியில் கரைத்து, காற்றுக் குழாய் விட்டு ஒரு நாள் வைத்திருந்துதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் உப்பைக் கையால் அள்ளிப் போடக் கூடாது.

அளவு பார்க்க அடர்த்திமானி ஒன்று போதும். பால்மானி தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை; வேலை செய்யும் விதம் ஒன்றே. நல்ல தண்ணீர் 1.000 காட்டும். தொட்டியில் 1.023க்கும் 1.026க்கும் இடையில் நின்றால் சரி. ஊறுகாய்க்கு உப்பு நீர் கலக்கிறவர்கள் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பதுபோல் இங்கே பார்க்க வேண்டாம். நல்ல முட்டை கடல் நீரில் மூழ்கிவிடும். மிதக்கும் அளவுக்கு உப்புப் போட்டால் மீன் பிழைக்காது.

ஆவியாகிற கணக்கு

தொட்டி குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று புதிதாகத் தொடங்குகிற பலரும் எண்ணுகிறார்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு முழுவதும் உள்ளேயே இருக்கிறது. 150 லிட்டரில் 15 லிட்டர் ஆவியாகிவிட்டால் 35 கிராமாக இருந்த உப்பு லிட்டருக்கு 39 கிராம் அளவுக்கு ஏறிவிடும். அந்த இடத்தை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் ஏறியது இறங்காது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்போதே மீன் வாடும். ஆகவே குறைந்ததைக் கேன் தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். கண்ணாடியில் வெளிப்புறம் ஒரு கோடு போட்டு வைத்து, காலையில் கடை திறந்ததும் கோடு வரை ஊற்றிவிட்டால் போதும். தினசரி வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை 15 லிட்டர் பழைய நீரை வடித்துவிட்டு, அதே அளவு புதிதாகக் கரைத்த உப்பு நீர் ஊற்றவேண்டும். இதற்கு உப்பு 525 கிராம்.

நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் கட்டடத்துக்குள்ளும் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும். கடல் மீனுக்கு 25 முதல் 28 வரை சுகம். தகரக் கூரையின் கீழ் வைக்கவே வேண்டாம். மேல்மூடியைப் பாதி திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். அப்போது ஆவியாவதும் கூடும் என்பதால் கேன் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும்.

நாற்பது நாள் பொறுமை

தொட்டி நிரப்பிய அன்றே மீன் விடுவதுதான் பெரும்பாலான தொட்டிகள் காலியாவதற்குக் காரணம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு தீங்கில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். கடல் நீர் காரத் தன்மை கூடியது என்பதால் நன்னீரைவிட இங்கே அம்மோனியா கடுமையாக வேலை செய்கிறது. அந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

மீன் இல்லாமலே இதைத் தொடங்கலாம். பச்சை இறால் துண்டு ஒன்றை வலைத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டால் அது அழுகி அம்மோனியா தரும். சோதனைச் சொட்டு மருந்து மீன் கடைகளில் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூச்சியம் காட்டும் நாளில் முதல் மீனை விடலாம். இந்த இடைவெளியில் கடைக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, வெறும் தண்ணீரையா காட்சிக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேலி பேசத்தான் செய்வார்கள்.

அடியில் போடக் கோழித் தீவனக் கடையில் விற்கும் உடைத்த கிளிஞ்சல் போதும். நன்றாகக் கழுவி இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பலாம். மறைவிடத்துக்கு மெருகு பூசாத நாட்டு ஓடு, உடைந்த மண்சட்டி. நம் ஊர்ச் செம்புறாங்கல் வேண்டாம். அதில் இரும்பு மிகுதி. வடிகட்டிப் பெட்டிக்குள் செராமிக் வளையங்கள் போட்டால் நுண்ணுயிர் தங்க இடம் கிடைக்கும். தண்ணீரைச் சுழற்ற ஒரு சிறு மோட்டார், ஒரு காற்றுப் பம்பு. நுரை பிரிக்கும் கருவியைக் கடைக்காரர் வற்புறுத்துவார். மூன்று நான்கு மீனுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

கடைக்கே உரிய ஆபத்துகள்

வீட்டுத் தொட்டிக்கு இல்லாத தொல்லைகள் கடைத் தொட்டிக்கு உண்டு. காற்றுப் பம்பு கடையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. காலையில் போடும் சாம்பிராணி, கொசுவர்த்தி, கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் மருந்து எல்லாம் அதோடு உள்ளே போகும். பூச்சி மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகை மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு நஞ்சு. மிளகாய், மல்லி கையாளும் இடமானால் தூளும் போய்ச்சேரும்.

மொத்த வியாபாரிகள் ஒன்றைக் கட்டாயம் மனதில் கொள்ள வேண்டும். தானியத்துக்கு வண்டு அடிக்காமலிருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூட்டம் போடும் கோடவுனிலோ, அதை ஒட்டிய அறையிலோ தொட்டி வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மீனை மட்டுமல்ல, ஆளையே கொல்லக்கூடியது. மீனைப் பார்க்கவோ தீனி போடவோ யாராவது மூட்டம் போட்ட அறைக்குள் நுழைந்தால் விபரீதமாகிவிடும்.

உப்பு நீர் தெறித்துக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். அது பிளக்கில் ஏறினால் மின்கசிவு. வயர் பிளக்குக்கு நேரே இறங்காமல், முதலில் கீழே வளைந்து பிறகு மேலேறும்படி விட்டால் சொட்டும் நீர் வளைவிலேயே விழுந்துவிடும். சர்க்கரை, வெல்லம், பருப்பு மூட்டைகள் நாலடியாவது தள்ளி இருக்கட்டும்.

மின்தடை இருக்கவே இருக்கிறது. காற்றுப் பம்புக்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் இன்வர்ட்டரில் ஒரு இணைப்புக் கொடுத்தால் இரவு முழுவதும் ஓடும். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டும் பழக்கமுள்ளவர்கள் இந்த ஒரு இணைப்பைத் தனியாக எடுத்துவிட வேண்டும். பம்பு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து தரையை நனைக்கும். விடுமுறை நாளில் தீனி போட ஆள் தேவையில்லை. நன்றாக இருக்கும் மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியைத் தாங்கும். கையிலுள்ள ஆபத்து பட்டினியல்ல, அதிகத் தீனிதான். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்கு மேல் போட வேண்டாம். வாடிக்கையாளரின் குழந்தைகள் பிஸ்கட் போடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

எந்த மீன்? எது கூடாது?

தொடங்குகிறவர்களுக்குக் கோமாளி மீன் ஒரு சோடியே போதும். 2003இல் வந்த ஆங்கிலப் படத்துக்குப் பின் பிள்ளைகள் நீமோ என்று சொல்லும் மீன் இந்த வகைதான். சின்ன இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் இயல்புள்ளது; கொடுத்த தீனியைத் தின்னும்; கடலில் கடற்சாமந்திக்குள் வாழ்ந்தாலும் தொட்டியில் அது இல்லாமலே இருக்கும். நன்றாக வைத்திருந்தால் பத்து ஆண்டுக்கு மேலும் இருக்கும். எல்லாம் ஆணாகவே வளர்ந்து, சோடியில் பெரியது பெண்ணாக மாறுவது இதன் விசித்திரம்.

வாங்கும்போது பண்ணையில் பொரித்ததா என்று கேட்க வேண்டும். 1947இல் தொடங்கிப் பின்னர் 1971இல் கொச்சிக்குத் தலைமையிடம் மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரிக்க வைக்கும் முறைகளை உருவாக்கியிருக்கின்றன. பண்ணைக் குஞ்சு தொட்டிக்கும் தீனிக்கும் பழகியே வருகிறது. வெளிநாட்டுக் கடலில் பிடித்து வரும் மீன்களில் சில இடங்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்தவையும் உண்டு. அவை வந்து சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் கொளத்தூரில் விசாரிக்கலாம். விலை ஏறி இறங்குவதால் இங்கே குறிப்பிடவில்லை.

சோடி நிலைத்து ஒரு மாதம் ஆனபின் இன்னொரு சிறு மீனும், சங்கைச் சுமந்து திரியும் சன்னியாசி நண்டு இரண்டும் சேர்க்கலாம். நண்டுகள் சிந்திய தீனியைப் பொறுக்கிவிடும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன் கண்ணைப் பறிக்கும். ஆனால் பல வகை பவளத்தையே தின்று வாழ்பவை, தொட்டியில் பட்டினியாகச் சாகும். சிங்க மீனின் முள்ளில் விஷம் உண்டு. கடையில் வேண்டாத வம்பு.

பவளம், கடல் குதிரை என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். பவளப்பாறைகள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001இல் சேர்க்கப்பட்டவை. செத்த பவளக் கல்லும் இதில் அடக்கம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. மீன் தொட்டிக்கு அழகாக இருக்கிறதே என்று வாங்கிய ஒரு கல்லுக்காக உரிமம் வைத்து நடத்தும் கடை வழக்கில் சிக்குவது தேவையா? பில் இல்லாத சரக்கை நாம் எப்படிப் பார்க்கிறோமோ அப்படியே இதையும் பார்க்க வேண்டும்.

நம் கடலிலிருந்து தண்ணீர் எடுக்கலாமா?

1909இல் சென்னை மெரினாவில் திறந்த மீன் காட்சிச்சாலை கடலோரத்தில் இருந்தது. நம் மாவட்டத்துக்கும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கரை உண்டு. உப்புக்குக் காசு கொடுப்பானேன் என்ற கேள்வி நியாயமே. ஆனால் பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. கரையோரம் சேறு கலங்கியிருக்கும். படகுத் துறையில் டீசல் படலம் மிதக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறும் மற்ற ஆறுகளும் வந்து கலப்பதால் கரை நீரின் உப்பு இறங்கிவிடும். எடுப்பதானால் தெரிந்த படகுக்காரர் மூலம் கரையை விட்டுத் தள்ளி, மழையில்லா மாதத்தில் எடுத்து, புதிய பிளாஸ்டிக் டிரம்மில் மூடி இருட்டில் இரண்டு மூன்று வாரம் தெளியவிட்டு, துணியில் வடித்து, அடர்த்தி பார்த்துப் பயன்படுத்தலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களுக்கு முன்னதாகவே சேர்த்து வைக்க வேண்டும். வண்டி வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் அறந்தாங்கிக்கு மேற்கே உள்ளவர்களுக்கு உப்புக் கலவைதான் மிச்சம்.

தண்ணீரோடு கடல் புல்லையும் பிடுங்கி வரக் கூடாது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அந்தப் பிராணிக்கு அந்தப் புல்தான் தீனி.

முழுக் கடல் வேண்டாம், இன்னும் எளிதாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு முகத்துவார நீர்த் தொட்டி பொருந்தும். லிட்டருக்கு 10 கிராம் கடல் உப்புக் கலவை போதும். உப்புச் செலவு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும், அளவில் சிறிது ஏறி இறங்கினாலும் மீன் தாங்கும். கடைகளில் ஆரஞ்சு குரோமைடு என்று விற்கும் சிறு மீன் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கழிமுகங்களைச் சேர்ந்தது. கேரளத்தார் போற்றும் கரிமீனுக்கு உறவு. மிகப் பெரிதாக வளர்வதில்லை. தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்பதைக் கல்லாவிலிருந்தே பார்க்கலாம். இதற்கும் நாற்பது நாள் காத்திருக்கத்தான் வேண்டும். கோடு போட்டுத் தண்ணீர் நிரப்புவதும் அதேதான்.